இரண்டரை மணிக்காரர்களின் பாட்டு

கிரீனக் ஊர் தகனச்சாலையில்
பாட்டுப் போடும் வேலை எனக்கு.
இஷ்பெல் ராங்கின். பதினோரு வருஷம்.
சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை,
கையகலக் கண்ணாடி,
ஒரு ஹீட்டர், அதன் மேல் காயும் என் காலுறை.
வெளியே க்ளைடு ஆற்றின் மேல்
மழை, வேறென்ன.

ஒருவருக்கு மூன்று பாட்டு:
உள்ளே வர ஒன்று,
உட்கார்ந்திருக்க ஒன்று,
திரை மூட ஒன்று.
கால்பந்து கிளப்பின் பாட்டைக் கேட்பவர்கள் உண்டு.
ஒருவர் வானொலியின் வானிலை அறிக்கையைக் கேட்டார்;
அவர் அதைப் பாட்டு என்றார், போட்டேன்.
கூலிக்கு மாரடிக்கிறவள் என்று
நீங்கள் என்னைச் சொல்லலாம்.
நான் அடிப்பது மாரில் அல்ல,
ஒரு பச்சைப் பொத்தானில்.

எடின்பரோவிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார்.
சுரம் இறங்குவது, நரம்பு, சுரப்பி என்று
நிறையச் சொன்னார்.
நான் சொன்னேன்:
வார்த்தையில் யாரும் உடைவதில்லை ஐயா.
வார்த்தைக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள்,
கைக்குட்டையை நாலாக மடித்து.
பாடுகிறவர் அடுத்த வரிக்கு
மூச்சு இழுக்கிறாரே, அங்கேதான்.
மூன்றாம் வரிசையில் ஒரு தோள் முதலில் குலுங்கும்.
பிறகு தகரத்தில் தூறல் பிடிப்பது போல.
அவர் குறித்துக்கொண்டார்.
எனக்கு அன்று முழுக்கப் பெருமை.

அதே நவம்பரில் ஒரு வியாழன்.
இரண்டு மணிக்குக் கப்பல் பட்டறை வெல்டர்,
டூகல்ட் மக்கில்வ்ரே, எழுபத்தொன்பது.
இரண்டரைக்கு மதுக்கடை நடத்திய ஒரு பெண்மணி.
வெல்டருக்குத் திரை மூட
ஆர்கனில் ஒரு பழைய துதி கேட்டிருந்தார்கள்.
டீ சிந்தியதா, துடைக்கக் குனிந்தேனா,
விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

வந்தது இரண்டரை மணிக்காரர்களின் பாட்டு.
கடற்கரை டிஸ்கோ. கைதட்டல். ட்ரம்பெட்.
வா வா வா என்பதைத் தவிர
அதில் சேதி ஒன்றும் கிடையாது.
மூச்சு இழுக்க இடமும் கிடையாது.

ரத்தம் உறைந்து, நிறுத்தக் கை நீட்டினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் மனைவி எஃபி எழுந்து நின்றாள்.
அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவள்
முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்,
வாயைப் பொத்தாமல்,
மூக்கு ஒழுக, தொப்பி சரிய.
பின்னால் பட்டறை ஆட்கள் ஆறு பேர்,
சுத்தியல் சத்தத்தில் காது போனவர்கள்,
என்ன ஓடுகிறது என்றே கேட்டிருக்காது,
அவளைப் பார்த்து அழுதார்கள்.
ஒருவர் முதுகை ஒருவர் தட்டினார்கள்.
தாளம் தப்பாமல் தட்டினார்கள்,
அதையும் சொல்ல வேண்டும்.

முடிந்ததும் மகன் வந்து கதவைத் தட்டினான்.
"அம்மா சொல்லித்தானே அதைப் போட்டீர்கள்?"
தலையை ஆட்டினேன்,
ஆமாம் என்றும் இல்லை என்றும்
எடுத்துக்கொள்ளும்படி.
இருபது பவுண்டு நோட்டு ஒன்றை
ஹீட்டர் மேல் வைத்துவிட்டுப் போனான்.
காலுறையோடு அதுவும் சூடேறியது.

இரண்டரைக்கு, உரியவர்களுக்கு,
அதே பாட்டை முறைப்படி போட்டேன்.
ஒரு சொட்டு விழவில்லை.
ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஒரு குழந்தை ஆட ஆரம்பித்தது,
பிடித்து உட்கார வைத்தார்கள்.

டூகல்ட் பெயரில் அந்தத் துதி
இன்னும் கணினியில் கிடக்கிறது, போடப்படாமல்.

பிப்ரவரியில் எஃபியைப் பார்த்தேன்,
கூட்டுறவுக் கடை வரிசையில், எனக்கு முன்னால்,
கூடையில் பாலும் பூனைத் தீனியும்.
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
"அந்தப் பாட்டு..." என்பதற்குள்,
"எனக்கு அது என்ன பாட்டென்றே தெரியாது" என்றாள்.
"அவருக்குச் சுத்தமாகப் பிடித்திருக்காது.
நிறுத்து அந்தச் சனியனை என்று கத்தியிருப்பார்.
கத்துவார் என்று
நின்றுகொண்டே இருந்தேன்."

கல்லாவில் அவள் முறை வந்துவிட்டது.